ஏர் ரைஃபிள்ல ஸ்கோப் பின்னால நகந்துட்டே இருக்கு, எவ்ளோ முறுக்கினாலும் நிக்கல

திருவட்டாறு_விளை:

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு மாசமா இதே தலைவேதனை, பக்கத்துல கேக்க ஆளில்ல, அதான் இங்க கேக்கேன். எனக்கிட்ட இருக்கது 4.5 எம்எம் ஸ்பிரிங் ஏர் ரைஃபிள், பேரல மடக்கி பெல்லட் போடுற டைப்பு. மேல குறி பாக்க ஒரு 3-9×40 ஸ்கோப்பு (3ல இருந்து 9 மடங்கு பெரிசாக் காட்டும், முன் லென்சு 40 எம்எம்), அத பிடிக்க ரெண்டு தனித்தனி ரிங்கு. எங்க ரப்பர் விளையில செம்மண் வெட்டி எடுத்த மேடு ஒண்ணு இருக்கு, அதுக்கு முன்னால பேப்பர் ஒட்டி வச்சு ஞாயித்துக்கிழமை மட்டும் 20 மீட்டர்ல சுடுவேன். பறவை, மிருகம் ஒண்ணையும் தொடமாட்டேன், அத முதல்லயே சொல்லிட்டேன்.

பிரச்சன என்னன்னா, சீரோ பண்ணி, அதாவது குறி வச்ச எடத்துலயே குண்டு விழுக மாதிரி ஸ்கோப்ப சரியாக்கி, முடிச்ச ஒடனே முதல் பத்து குண்டும் அஞ்சு ரூவா துட்டு அளவுக்குள்ள விழும், பாக்கவே சந்தோசமா இருக்கும், பொறவு பைய பைய மேல போகத் தொடங்கும், 40 குண்டு ஆகும்போ 2 இஞ்சு தள்ளிப் போயிருக்கும், நான் ஸ்கோப்பு மேல குறிய நகத்துக நாப்ப (குமிழ) திருப்பி மறுபடி நடுவுக்கு கொண்டு வருவேன், அடுத்த ஞாயிறு அதே கத. போன வாரம்தான் உத்துப் பாத்தேன். பின்னால உள்ள ரிங்கு, துப்பாக்கி மேல அத மாட்டுக பள்ளம் வெட்டுன ரெயில்ல ஒரு 3 எம்எம் பின்னால வந்து நிக்கு, அது வந்த வழி முழுக்க கறுப்பு பெயிண்ட் சொரண்டி வெள்ளி கம்பி மாதிரி கோடு விழுந்திருக்கு.

சரின்னு ஆலன் கீல சின்ன பைப்ப சொருவி நல்லா முறுக்கினேன். அதுல ஒரு ஸ்க்ரூ தலையில உள்ள ஆறுமூலை ஓட்டை உருண்டு போச்சு, இப்பம் கீ அதுல சும்மா சுத்துது. ஸ்கோப்பு குழாயிலயும் ரிங்கு அழுத்துன தடம் லேசா தெரியுது. அப்பிடி இருந்தும் அடுத்த 30 குண்டுல மறுபடி நகந்துட்டு. வாங்குன கடையில கேட்டா இன்னும் முறுக்குங்கன்னு மட்டும்தான் சொல்லுகாங்க.

ஆரல்டைட் போட்டு ஒட்டிரலாமான்னு தோணுது. இல்ல ஸ்கோப்பையே மாத்தணுமா? சேத்து வச்ச காசுல வாங்குனது, மனசு கேக்கல. தெரிஞ்சவிய சொல்லுங்க.

தக்கலை_லேத்து:

தம்பி, முதல்ல அந்த பைப்ப எடுத்து தூர வையி. ஆரல்டைட்டும் போடாண்டாம். ஒனக்க ஸ்கோப்புல ஒரு குறையும் இருக்க வாய்ப்பில்ல, வேற எதாவது ஆயிருந்தாலும் அத கடைசியாப் பாப்போம்.

ஸ்பிரிங் கன்னுக்குள்ள என்ன நடக்குன்னு தெரிஞ்சா மீதி எல்லாம் தானா வெளங்கும். டிரிகர இழுத்ததும் உள்ள இருக்க பிஸ்டன் முன்னால சாடும், அதனால துப்பாக்கி ஒனக்க தோளுக்கு பின்னால வரும், எல்லாத் துப்பாக்கிக்கும் உள்ளதுதான். ஆனா பிஸ்டன் முன்னால போய் அடைச்ச காத்துல மோதி படக்குன்னு நிக்கும் பாரு, அப்பம் மொத்த துப்பாக்கியும் முன்னால ஒரு வெட்டு வெட்டும். அந்த ரெண்டாவது வெட்டுதான் மோசம். துப்பாக்கி முன்னால சாடுது, ஸ்கோப்பு அது கூட வரமாட்டேன்னு அங்கயே நிக்கப் பாக்குது, அப்பம் ரெயிலப் பொறுத்தமட்டுல ஸ்கோப்பு பின்னால போகும். பஸ்ஸு படார்னு கெளம்புனா நிக்க ஆளு பின்னால சாயுக மாதிரி. ஒனக்க கோடு விழுந்திருக்க திசை சரியா அதுதான். பெரிய தோட்டா துப்பாக்கிக்கு செஞ்ச சில ஸ்கோப்பு இதுல ஒடஞ்சு போறதுக்கும் இதான் காரணம், அது ஒரு பக்க அடிக்கு மட்டும்தான் கட்டுனது, இங்க ரெண்டு பக்கமும் அடி விழுது.

இப்பம் யோசி. ஒவ்வொரு குண்டுக்கும் சுத்தியல வச்சு பின்னால தட்டுக மாதிரி ஒரு அடி. அத வெறும் இறுக்கத்த மட்டும் நம்பி நிறுத்த முடியாது, பின்னால போகாம ஒரு தடுப்பு வேணும். ஒனக்க ரெயிலுக்கு மேல பின்பக்கமா ஒண்ணு ரெண்டு சின்ன குழி இருக்கான்னு பாரு. அது அழகுக்கு போட்டதில்ல. ஏர்கன் மவுண்ட்ல, அதாவது ஸ்கோப்ப ரெயில்ல பிடிக்க ரிங்கு செட்டுல, நடுவுல கீழ நோக்கி ஒரு சின்ன பின்னு வரும், ஸ்டாப் பின்னுன்னு சொல்லுவோம், அது அந்த குழியில எறங்கி நிக்கணும். ஒனக்க ரிங்குல அந்த பின்னு இருக்கா? இருந்தா எறக்கி விட்டிருக்கியா? இந்த ரெண்டுக்கும் பதில் சொல்லு.

உருண்ட ஸ்க்ரூ விசயம். ஏன் உருண்டுச்சு தெரியுமா, பலம் மட்டும் காரணமா இருக்காது. ஒனக்க ஸ்க்ரூ 2.5 எம்எம் கீக்கு உள்ளதா இருக்கும், நீ போட்டது இஞ்சு செட்டுல உள்ள 3/32 ஆக இருக்கும், அது 2.38 எம்எம்தான். உள்ள போகும், பிடிக்க மாதிரியே தோணும், ஆனா மூலையில மட்டும்தான் தொடும், கொஞ்சம் பலம் குடுத்தா மூலை தேஞ்சு உருண்டு போகும். எங்கிட்ட வாற பாதி கேசு இதுதான், சைக்கிள்காரங்க, தையல் மிசின்காரங்க எல்லாருக்கும் இதே கத. கீய கையில எடுத்து வெர்னியர்ல அளந்து பாரு.

கழத்துகதுக்கு: சால்டரிங் அயன் முனைய ஸ்க்ரூ தலையில அஞ்சு நிமிசம் வச்சு சூடாக்கு, பொறவு கொஞ்சம் பெரிய டார்க்ஸ் பிட்ட, நட்சத்திரம் மாதிரி இருக்குமே அது, லேசா தட்டி உள்ள எறக்கி திருப்பு. முக்காவாசி வந்திரும். வரலன்னா ஊசி அரத்தால தலைக்கு குறுக்க ஒரு வெட்டு போட்டு ஸ்க்ரூ டிரைவரால திருப்பு. அதுவும் வரலன்னா ஸ்கோப்ப ரிங்கோட எடுத்துக்கிட்டு வா, அரை மணிக்கூர் வேலை.

குளச்சல்_காத்து:

நான் சுகப்பட்டது எப்பிடின்னா, சேப்பு லாக்டைட், ஸ்க்ரூ இளகாம ஒட்டுக பசை, எல்லா ஸ்க்ரூக்கும் போட்டு இறுக்கிட்டேன் அண்ணே, ஒரு வருசமாச்சு, அசையல. தம்பியும் அதப் போட்டா தீந்துது.

தக்கலை_லேத்து:

குளச்சல் அண்ணே, ஒங்களுக்கு நின்னது நல்ல காரியம், ஆனா தம்பிக்கு அத சொல்லாதீங்க. சேப்பு நிறத்துல உள்ளது நிரந்தரமா ஒட்டுகதுக்கு, கழத்தணும்னா 250 டிகிரி பக்கத்துல சூடாக்கணும். அந்த சூட்டுல ஸ்கோப்புக்குள்ள உள்ள ரப்பர் சீல் எல்லாம் என்னாகும்? ஸ்க்ரூ வேற 3 எம்எம், 4 எம்எம்தான், முறிஞ்சு உள்ள மாட்டிக்கிடும். நீலம் போதும், 242 இல்ல 243, கையில உள்ள கீயாலயே கழத்தலாம்.

அதையும் ரிங்கு மூடி ஸ்க்ரூக்கு போடாண்டாம்னுதான் நான் சொல்லுவேன். மவுண்ட ரெயில்ல பிடிக்க ஸ்க்ரூக்கு மட்டும், மரையில ஒரு பொட்டு. ஒண்ணு கவனிக்கணும், அது காயுக வரைக்கும் எண்ண மாதிரி வழுக்கும், அப்பம் அதே பலத்துல திருப்புனா ஸ்க்ரூ வழக்கத்த விட ஆழமாப் போயிரும், அலுமினிய மவுண்ட்ல மரை போறது இப்பிடித்தான். அதனால கை கொஞ்சம் கம்மியா வைக்கணும். பொறவு ஒரு நாள் முழுக்க சும்மா கெடக்கட்டும். ஒட்டி அரை மணிக்கூர்ல போய் சுட்டா ஒண்ணும் பிடிச்சிருக்காது.

வடசேரி_10மீட்டர்:

தக்கலைக்காரர் அடிய சரியாச் சொல்லிட்டார். நான் மாட்டுக முறையச் சொல்லுகேன், ஏன்னா ஒனக்க ஸ்கோப்ப இனி எப்பிடியும் கழத்தணும் மக்கா, கழத்துனா முதல்ல இருந்து சரியா செய்திரு.

அதுக்கு முன்னால ஒரு காரியம். ஸ்கோப்ப தொடுகதுக்கு முன்ன பேரல மடக்கி பெல்லட் இல்லன்னு கண்ணால பாரு, ஸ்பிரிங் ஏத்தாம இருக்கணும். ஏத்துன நிலையில பேரல் தெறந்து கெடக்கும்போ கைய கிட்ட வச்சு வேலை பாத்தா, அது மூடிச்சுன்னா விரல் போயிரும். இத நான் சும்மா எழுதல.

அடுத்தது, ஸ்டாக்குல (கையில பிடிச்சு தோள்ல வைக்க கட்டை) உள்ள ஸ்க்ரூவெல்லாம். முன்னால ரெண்டு பக்கமும், டிரிகர் கார்டுலயும் இருக்கும். ஸ்பிரிங் கன்னுல முதல்ல இளகுகது அதுதான். பேரல் மடங்குக இடத்துல உள்ள போல்ட்டும் அப்பிடி. இது இளகிக் கெடந்தா நீ தங்கத்துல மவுண்ட் வாங்கிப் போட்டாலும் குண்டு அலையும், எல்லாரும் பழிய ஸ்கோப்பு மேல போடுவாங்க. நாங்க பழகுக இடத்துல புதுசா வாற பயக்க யாரு ஸ்கோப்பு சரியில்லன்னு வந்தாலும் நான் முதல்ல ஒரு ஸ்க்ரூ டிரைவரத்தான் கையில குடுப்பேன்.

இப்பம் மாட்டுக கட்டம். ரெயிலு, மவுண்டோட அடிப்பல்லு, ரிங்கு உள்பக்கம், ஸ்கோப்பு குழாய், நாலையும் எண்ண இல்லாம தொடைக்கணும். கடையில இருந்து வாறது எல்லாமே துருப்பிடிக்காம இருக்க எண்ண பூசித்தான் வரும், அந்த எண்ண மேலதான் நீ மாட்டியிருக்க, அதான் வழுக்கிட்டு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் மெடிக்கல் கடையில கெடைக்கும், பழைய பனியன் துணியில நனைச்சு துணியில கறுப்பு வராத வரைக்கும் தொடச்சு எடு. நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், சிலதுல எண்ண சேத்திருப்பான், பெயிண்டையும் கரைக்கும். பெட்ரோலும் வேண்டாம். லென்சுல இந்த துணி படாம பாத்துக்க. ரெயில் பள்ளத்துக்குள்ள பல்லு தேய்க்க பிரஷ்ஷ வச்சு தேச்சா அழுக்கு வரும், பெயிண்ட் சொரண்டுன தூளும் வரும், அதயும் எடுத்திரு.

பொறவு முதல்ல மவுண்ட ரெயில்ல வையி. ஸ்டாப் பின்ன மேல ஏத்தி வச்சுக்கிட்டு மவுண்ட ஒக்கார வை, லேசா இறுக்கு, அப்பம் பின்ன கீழ எறக்கு. குழி அடியில தொட்டதும் கால் சுத்து பின்னால எடு. இங்கதான் நெறய பேரு தப்பு பண்ணுகாங்க, பின்ன போட்டு அழுத்தி எறக்கிருவாங்க, அது ஜாக்கி மாதிரி மவுண்ட மேல தூக்கிரும், பல்லு ரெயில விட்டு எழும்பி நிக்கும், பொறவு எவ்ளோ முறுக்குனாலும் பிடி கிடையாது. எறக்குன பொறவு மவுண்ட கையால பின்னால தள்ளி பின்னு குழியோட பின்சுவர்ல முட்டுக மாதிரி வச்சுக்கிட்டு அப்பம் இறுக்கு. அடிய வாங்கப் போறது அந்த சுவர்தான், அது கூட ஒட்டி இருக்கணும், நடுவுல ஒரு எம்எம் இடம் விட்டா அந்த ஒரு எம்எம்முக்கு ஓடி வந்து இடிக்கும்.

ஸ்கோப்ப ரிங்குல வச்சு மூடிய ஸ்கோப்பு சுத்துக அளவுக்கு மட்டும் போடு. சூம் 9ல வையி. கண்ண மூடிக்கிட்டு துப்பாக்கிய தோள்ல ஏத்தி கன்னத்த ஸ்டாக்குல வச்சு, பொறவு கண்ணத் தெற. வட்டம் முழுசா தெரியணும், ஓரத்துல கறுப்பு பிறை மாதிரி வந்தா ஸ்கோப்ப முன்ன பின்ன நகத்து. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூணு, மூணரை இஞ்சு வரும். ரிங்கு நடுவுல உள்ள நாப் பெட்டியில முட்டக் கூடாது, குழாய் விரியுக எடத்துலயும் ஏறக் கூடாது.

க்ராஸ் நேரா நிக்கணுமே, அதுக்கு கொத்தனார்கிட்ட உள்ள தூக்குகுண்டு போதும். 20 மீட்டர்ல ஒரு மரத்துல நூல கட்டி தொங்க விடு, காத்து இல்லாத நேரம். துப்பாக்கி ரெயில்ல சின்ன ரசமட்டம் வச்சு துப்பாக்கிய சமமாக்கு, ஸ்கோப்புக்குள்ள பாத்து நிக்க கம்பி நூலோட ஒட்டுக வரைக்கும் ஸ்கோப்ப சுத்து. கண்ணு மதிப்புல வைக்காண்டாம். அது சாஞ்சு இருந்தா 10 மீட்டர்ல தெரியாது, தூரம் மாத்தும்போதுதான் குண்டு பக்கவாட்டுல போகும், அப்பம் தலைய பிச்சுக்குவ.

கடைசியா மூடி. நாலு ஸ்க்ரூவயும் குறுக்குக் குறுக்க, ஒவ்வொண்ணுக்கும் கால் சுத்து, கார் டயர் நட்டு போடுக மாதிரி. ரெண்டு பக்கமும் மூடிக்கும் அடிக்கும் நடுவுல உள்ள இடைவெளி ஒரே அளவா இருக்கணும், ஒரு பக்கம் மூடி மறுபக்கம் தெறந்து இருந்தா தப்பு. டார்க் ரெஞ்ச் (முறுக்குக பலத்த அளந்து காட்டுக கருவி) இருந்தா 15ல இருந்து 18 இஞ்ச் பவுண்டு, நம்ம கணக்குல 2 நியூட்டன் மீட்டர் பக்கம். இல்லன்னா கீயோட நீளக் கையை ஸ்க்ரூல விட்டு, குட்டைக் கையை ரெண்டு விரலால திருப்பு. விரல் வலிக்கும்போ நிறுத்திரு. அவ்ளோதான் வேணும், உண்மையாவே அவ்ளோதான். குழாய் மெல்லிசான அலுமினியம், பைப்ப போட்டு முறுக்குனா நசுங்கும், உள்ள போற சூம் லென்சு சிக்கும்.

குளச்சல்_காத்து:

சேப்பு லாக்டைட் விசயம் புரிஞ்சுட்டு அண்ணே, நல்லவேளை கழத்த வேண்டி வரல. நான் வேற ஒண்ணு சேக்கேன், இது எங்க கடக்கரை அனுபவம். இங்க ஸ்க்ரூ இளகுகதுக்கு பாதி காரணம் உப்புக் காத்து. அலுமினிய மவுண்ட்ல கறுப்பு ஸ்டீல் ஸ்க்ரூ, ரெண்டு உலோகம், நடுவுல உப்பு ஈரம், ஒரு மழக்காலம் போதும், மரையில வெள்ளப் பொடி பூத்து நிக்கும். அது இறுகுன மாதிரி தோணும், கீய போட்டா கட்டியா இருக்கும், ஆனா பிடி அதுல இல்ல. நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழையும் உண்டே, ஜூன்லயும் ஐப்பசியிலயும். நான் ஒவ்வொரு மழ முடிஞ்ச பொறவும் ஒரு தடவ கழத்தி தொடச்சு மாட்டுவேன்.  துப்பாக்கிய ரெக்சின் பையில போட்டு பூட்டி வைக்காண்டாம், உள்ள வேர்க்கும். ஷூ பெட்டியில வாற சிலிக்கா பொட்டலத்த போட்டு பீரோவுல வச்சு பூட்டுங்க.

திருவட்டாறு_விளை:

அண்ணமாரே, எல்லாத்தையும் ரெண்டு தடவ வாசிச்சேன். கீய அளந்தேன், தக்கலை அண்ணே சொன்னது அச்சு அசல், 2.38. செட்டு மேல இஞ்சு அளவு எழுதியிருக்கு, நான் கவனிக்கல. ஸ்க்ரூ டார்க்ஸ் பிட்டுலயே வந்துட்டு.

ஆனா எனக்க ரிங்குல பின்னு எதுவும் இல்ல. ரெயில்ல ரெண்டு குழி இருக்கு, கிரீசும் மண்ணும் அடைச்சு கெடந்துது, குண்டூசியால நோண்டி எடுத்தேன். அப்பம் புது மவுண்ட் வாங்கணும் இல்லையா? ஒரு கூட்டுக்காரன் சொல்லுகான், டவ்டெயில் (துப்பாக்கியில இப்பம் உள்ள சரிவு பள்ள ரெயில்) மேல மாட்டுக அடாப்டர் ரெயில் வரும், குறுக்க பள்ளம் பள்ளமா, அதுல மவுண்ட மாட்டுனா போதும், முன்னால தள்ளி இறுக்கணும்னு. இன்னொருத்தன் சொல்லுகான், நம்மளே துளை போட்டு பின்னு வச்சுக்கலாம்னு. எது சரி?

தக்கலை_லேத்து:

துளை போடுக பேச்ச இதோட விட்டிரு. அந்த ரெயிலுக்கு கீழ உள்ளதுதான் பிஸ்டன் ஓடுக குழாய். அரை எம்எம் கூடப் போனா சுவர் போச்சு, உள்ள பிசிறு நின்னா பிஸ்டன் சீல் கிழியும், காத்து அடைக்காது, பொறவு அது துப்பாக்கி கிடையாது. நீ எனக்க பட்டறைக்கு கொண்டு வந்தாலும் நான் அதுல டிரில் வைக்கமாட்டேன், இத இங்க எழுதியே வைக்கேன்.

ஒரே துண்டு மவுண்ட் வாங்கு, ரெண்டு ரிங்கும் ஒரே அடியில இருக்கும், அடியில பின்னு உள்ளதா பாத்து. ரெண்டு தனி ரிங்குன்னா ரெண்டும் தனித்தனியா சறுக்கும், இது முழு நீளத்துக்கும் பிடிக்கும். வாங்குகதுக்கு முன்ன ரெயில் அகலத்த அள. 11 எம்எம்முன்னு எல்லாரும் சொல்லுவாங்க, ஆனா கன்னுக்கு கன்னு அது கொஞ்சம் கூடக் கொறய இருக்கும், பள்ளத்தோட சரிவும் மாறும். மாட்டுன பொறவு பின்பக்கம் இருந்து வெளிச்சத்துல பாரு, பல்லு பள்ளத்துக்குள்ள முழுசா ஒக்காந்திருக்கணும், நுனியில மட்டும் தொங்கிக்கிட்டு இருந்தா திருப்பிக் குடுத்திரு. ஸ்கோப்பு குழாய் 25.4ஆ 30ஆன்னும் பாத்துக்க, 25.4தான் ஒனக்க 40 லென்சுக்கு பெரும்பாலும் வரும்.

அடாப்டர் ரெயில் போட்டாலும் அந்த ரெயிலே டவ்டெயில்ல சறுக்கும், அதுக்கும் பின்னு வேணும். தேவையில்லாம ஒரு அடுக்கு கூடுது. முன்னால தள்ளணுமா பின்னால தள்ளணுமான்னு வடசேரி அண்ணாச்சி சொல்லட்டும்.

வடசேரி_10மீட்டர்:

ஒனக்க கூட்டுக்காரன் சொன்னது தோட்டா துப்பாக்கிக்கு சரி. அங்க துப்பாக்கி பின்னால போகும், ஸ்கோப்பு முன்னால போகப் பாக்கும், அதனால குறுக்கு போல்ட்ட பள்ளத்தோட முன்சுவர்ல முட்ட வச்சு இறுக்குவாங்க. ஸ்பிரிங் கன்னுல கத தலைகீழ், பின்சுவர்ல முட்டணும். இணையத்துல உள்ள வீடியோ முக்காவாசியும் வெளிநாட்டு தோட்டா துப்பாக்கிக்கு எடுத்தது, அதப் பாத்து அப்பிடியே செய்துட்டு ஏன் நகருதுன்னு கேக்காங்க.

இன்னொரு காரியம், நீ முதல் பதிவுல எழுதுனது எனக்க மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு வாரமும் நாப்ப திருப்பி 2 இஞ்சு கொண்டு வந்தேன்னு சொன்ன. ஒரு க்ளிக்கு கால் எம்ஓஏன்னா (எம்ஓஏங்கது ஒரு டிகிரியில அறுபதுல ஒரு பங்கு) 20 மீட்டர்ல ஒரு க்ளிக்குக்கு ஒன்றரை எம்எம் கூட வராது. 2 இஞ்சுக்கு கிட்டத்தட்ட 35 க்ளிக்கு. ரெண்டு மாசமா ஒரே பக்கமா திருப்பியிருந்தா நாப்பு கடைசி எல்லைக்கு போயிருக்கும். உள்ள ஒரு குழாய ஒரு பக்கம் ஸ்க்ரூவும் மறுபக்கம் ஸ்பிரிங்கும் பிடிச்சிருக்கு, மேல் எல்லைக்கு போனா அந்த ஸ்பிரிங் தளந்து போகும், கீழ் எல்லைக்கு போனா முழுசா அமுங்கிரும், ரெண்டுலயும் க்ளிக்க நம்ப முடியாது. மவுண்ட் சரியா நின்னாலும் குண்டு அலையும், நீ மறுபடி மவுண்ட சந்தேகப்படுவ. அதனால புது மவுண்ட் போடுகதுக்கு முன்ன நாப்ப ஒரு எல்லையில இருந்து மறு எல்லை வரைக்கும் க்ளிக்க எண்ணிக்கிட்டே போ, பாதிக்கு திரும்பி வா. பைய திருப்பு, முட்டுன எடத்துல நிறுத்திரு.

அங்க இருந்து சுட்டா குண்டு ரொம்ப கீழ விழுந்தா அது பேரல் சாய்வு, மடக்குக கன்னுல சாதாரணமா உண்டு. நாப்பால இழுக்காண்டாம். குளிர்பான டின்ன வெட்டுனா கிடைக்க தகடு 0.1 எம்எம் பக்கம் இருக்கும், ஓரத்த உப்புத்தாள் போட்டு மழுக்கி பின் ரிங்குல ஸ்கோப்புக்கு அடியில வையி. ரிங்கு ரெண்டுக்கும் நடுவுல 10 சென்டிமீட்டர் இருந்தா அந்த ஒரு தகடு 20 மீட்டர்ல குண்ட 2 சென்டிமீட்டர் தூக்கும். ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. அதுக்கு மேல வேணும்னா சரிவு மாத்துக மவுண்ட் வாங்கணும், தகட அடுக்குனா குழாய் வளையும்.

எல்லாம் முடிஞ்ச பொறவு வீட்டுல யார்கிட்டயாவது நெயில் பாலிஷ் கேட்டு வாங்கு. மவுண்டும் ரெயிலும் சேருக எடத்துல ஒரு கோடு, ரிங்கும் குழாயும் சேருக எடத்துல ஒரு கோடு, ஒவ்வொரு ஸ்க்ரூ தலையில இருந்து மவுண்ட் மேல ஒரு கோடு. அசைஞ்சா கோடு முறியும். எது அசையுதுன்னு அதுவே காட்டிரும், நீ ஊகிக்க வேண்டாம்.

ஒரு விசயம் தெரிஞ்சுக்க, போட்டிக்கு வரணும்னு ஆச இருந்தா 10 மீட்டர் ஏர் ரைஃபிள்ல ஸ்கோப்பே கிடையாது. 2008ல பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் எடுத்தது சின்ன ஓட்டை வழியாப் பாக்க சைட்டுலதான். அந்த டார்கெட் மொத்தமே 45.5 எம்எம், பத்துக்கு உள்ளது அரை எம்எம் பொட்டு. ஆச இருந்தா ஒருக்கா வந்து பிடிச்சுப் பாரு, குண்டு சக்தி 20 ஜூலுக்குள்ள உள்ள ஒனக்க துப்பாக்கிக்கு லைசன்ஸ் தேவையில்லன்னாலும் பழக்கம் முறையாத்தான் வேணும். அப்பறம் அந்த விளையில காலையில பால்வெட்டுக்கு ஆளு நடமாட்டம் இருக்குமே, பெல்லட்டு மேடு தப்புனா சில நூறு மீட்டர் போகும். வெட்டு முடிஞ்சு எல்லாரும் போன பொறவு சுடு, கண்ணாடி போட்டுக்க. ரப்பர் பட்டையிலயும் படாம பாத்துக்க, காயம் பட்ட எடத்துல முடிச்சு விழுந்தா பொறவு அங்க வெட்ட முடியாது, ஒனக்க அப்பாதான் வருத்தப்படுவார்.

திருவட்டாறு_விளை:

மூணு வாரம் கழிச்சு எழுதுகேன், மன்னிச்சுக்கிடுங்க, இடையில மழ.

ஒரே துண்டு மவுண்ட் வாங்கினேன், அடியில பின்னு உள்ளது. வாங்குகதுக்கு முன்ன ரெயில அளந்து எழுதிக்கிட்டு போனேன், கடையில முதல்ல காட்டுனது பல்லு பொருந்தல, ரெண்டாவது பொருந்திட்டு. தொடைக்கும்போ துணியில வந்த கறுப்ப பாத்து எனக்கே நம்ப முடியல, நாலு துண்டு பனியன் ஆச்சு. ஸ்டாக்குல முன்னால இடது பக்கத்து ஸ்க்ரூ கையாலயே திரும்புச்சு, முக்கால் சுத்து இளகிக் கெடந்திருக்கு. நாப்பும் வடசேரி அண்ணாச்சி சொன்ன மாதிரிதான், கீழ்ப்பக்கமா இன்னும் 6 க்ளிக்குதான் மிச்சம் இருந்துது.

பின்னு விசயத்துல முதல் தடவ எனக்கும் மவுண்ட் தூக்கிட்டு. பின்பக்கம் டார்ச் அடிச்சுப் பாத்தப்போ பல்லுக்கும் ரெயிலுக்கும் நடுவுல முடி மாதிரி வெளிச்சம் வந்துது, அப்பம்தான் கண்டுபிடிச்சேன், கால் சுத்து எடுத்ததும் அந்த வெளிச்சம் மறஞ்சு போச்சு. நீல லாக்டைட் அடி ஸ்க்ரூக்கு மட்டும், ஒரு நாள் வச்சேன். மூடிக்கு ரெண்டு விரல்தான், மனசு இன்னும் கொஞ்சம் முறுக்கச் சொல்லுச்சு, முறுக்கல.

தூக்குகுண்டு கட்டிப் பாத்தா பழைய ஸ்கோப்பு எவ்ளோ சாஞ்சு இருந்திருக்கும்னு இப்பம் தெரியுது, பழைய தடத்துல வச்சுப் பாத்தேன், நல்லா வலது பக்கம் சாஞ்சிருக்கு.

முதல் நாள் 60 குண்டு, அடுத்த ஞாயிறு 80, நேத்து 70. குண்டு கொஞ்சம் கீழ விழுந்துது, ஒரு தகடு வச்சதும் நடுவுக்கு வந்துட்டு. அக்காக்க நெயில் பாலிஷ்தான், கடும் சேப்பு, ஏழு கோடு போட்டேன். இன்னைக்கு காலையில லென்ஸ் வச்சுப் பாத்தேன், ஏழும் முறியாம அப்பிடியே இருக்கு. நாப்ப ரெண்டு வாரமா தொடல.

தக்கலை_லேத்து:

கொள்ளாம் தம்பி. 500 குண்டு ஆனதும் ஒருக்கா ஸ்டாக் ஸ்க்ரூ மட்டும் பாரு, மவுண்ட தொடாத. கோடு முறிஞ்சா மட்டும் கீய எடு. பழைய ரெண்டு ரிங்கையும் களையாண்டாம், அந்த வழி வரும்போ எடுத்துட்டு வா, உருண்ட ஸ்க்ரூ இருந்த மரைய ஒருக்கா டேப்பு (மரை வெட்டுக கருவி) போட்டு சரியாக்கித் தாறேன், பின்னு தேவையில்லாத கன்னு வச்சிருக்க யாருக்காவது ஒதவும்.

வடசேரி_10மீட்டர்:

அந்த டார்ச் வெளிச்ச விசயத்த நல்லா கவனிச்சிருக்க மக்கா. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு நாள் வா, துப்பாக்கிய பையில போட்டு, பில்லும் அடையாள அட்டையும் கையோட எடுத்துக்க. ஒனக்க பிடிய பாக்கணும், ஸ்பிரிங் கன்ன இறுக்கிப் பிடிக்கக் கூடாது, முன்கைய தெறந்து உள்ளங்கை மேல சும்மா ஒக்கார விடணும், அது ரெண்டு பக்கமும் சாடுகது ஒவ்வொரு தடவயும் ஒரே மாதிரி சாடணும். அத எழுதிக் காட்ட முடியாது, நேர்ல காட்டுகேன்.